பர்மா தேக்கில் வீடு, சிதம்பரத்தில் பல்கலைக்கழகம்: ராஜா அண்ணாமலைச் செட்டியார் விட்டுச்சென்றது என்ன?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடை வாசலில் தேக்குத் தூண்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். நிலைக்கதவு, சன்னல், போதிகை, ஊஞ்சல் பலகை எல்லாம் அடுக்கி இருக்கும். எல்லாமே ஏதோ ஒரு செட்டிநாட்டு வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தவை. நூறு வருஷம் ஆகியிருக்கும். ஆனால் இழைப்புளியை ஒரு தடவை ஓட்டினால் போதும், உள்ளே பொன் நிறம் தெரியும், எண்ணெய் வாசம் கிளம்பும்.

அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, கடலூர் மாவட்டம் சிதம்பரத்தில், ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு தனி ஊரே இருக்கிறது. பெயர் அண்ணாமலை நகர். காலையில் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கும் பிள்ளைகள் சாரிசாரியாக அந்தப் பக்கம் போவார்கள்.

இந்த இரண்டு காட்சிகளையும் இணைப்பவர் ஒருவர்: ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். செட்டிநாட்டுப் பணம் பர்மாவில் பெருகிய காலத்து மனிதர். அந்தப் பணத்தில் ஒரு பங்கு தேக்கு மாளிகையானது, இன்னொரு பங்கு பல்கலைக்கழகமானது. அவர் இறந்து முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று இப்போது கணக்குப் பார்க்கலாம்.

யார் இந்த அண்ணாமலைச் செட்டியார்?

1881 செப்டம்பர் 30-ம் தேதி கானாடுகாத்தானில் பிறந்தார். இன்றைக்குச் சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். அப்பா முத்தையா செட்டியார். நகரத்தார் சமூகத்தில் பேர்போன வட்டிக்கடைக் குடும்பம்.

நகரத்தார் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் படிப்பு என்றால் கணக்குதான். பையனாக இருக்கும்போதே கடையில் உட்கார்ந்து தொழில் பழக வேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் கடல் தாண்டிப் போக வேண்டும். இதைக் கொண்டுவிற்கப் போவது என்பார்கள். இலங்கை, மலாயா, பர்மா என்று போய், அங்கே கிட்டங்கியில் தங்கி, பெட்டியடிப் பையனாக ஆரம்பித்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்வார்கள். முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

அண்ணாமலையின் அண்ணன் ராமசாமி செட்டியாரும் பெரிய ஆள். 1906-ல் சென்னையில் அர்பத்நாட் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி திவாலாகி, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. நம்ம ஊர்க்காரர்களே ஒரு வங்கி நடத்த வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்துதான் பிறந்தது. வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கியபோது, கூட நின்றவர்களில் ராமசாமி செட்டியாரும் ஒருவர். சிதம்பரத்தில் அவர் பெயர் சொல்லும் பள்ளிக்கூடம் இன்றைக்கும் நடக்கிறது. தம்பி பின்னாளில் சிதம்பரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அண்ணன் போட்ட பாதையும் ஒரு காரணம்.

பர்மாவில் என்ன நடந்தது?

1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி பிய்த்துக்கொண்டு போனது. ஐராவதி டெல்டாவில் காடும் சதுப்பும் அழிந்து வயலாகின. வயல் திருத்த, மாடு வாங்க, நாற்று நட விவசாயிக்குப் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் சின்ன விவசாயியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இடத்தில்தான் செட்டியார் உட்கார்ந்தார். ரங்கூன் மொகல் தெருவில் தலைமைக் கடைகள், டெல்டா ஊர்களில் கிளைக் கடைகள். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன.

கடன் கொடுத்ததற்கு ஈடு நிலம். விலை நன்றாக இருந்தவரை எல்லாருக்கும் லாபம். 1930-ல் உலகப் பொருளாதார மந்தம் வந்து அரிசி விலை சரிந்தது. விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. நிலம் ஒவ்வொன்றாகச் செட்டியார் பெயருக்கு மாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம்தான் அவர்கள் கையில் இருந்தது. 1930-களின் கடைசியில் அது 25 சதவீதம் ஆனது.

பணம் போட்டவருக்கு இது விரும்பாத சொத்து. அவருக்கு வேண்டியது ரொக்கம், நிலம் அல்ல. நிலத்தை இழந்த பர்மா விவசாயிக்கோ அது வயிற்றில் விழுந்த அடி. இரண்டு உண்மைகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1930-ல் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிரான கலவரம் வெடித்ததற்கும், அதே வருஷம் சயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்ததற்கும் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது.

தேக்கு எப்படி உள்ளே வருகிறது?

அரிசி, கடன் இரண்டோடும் பர்மாவில் மூன்றாவதாக ஒரு செல்வம் இருந்தது. அதுதான் தேக்கு. அதற்காக ஒரு ராஜ்ஜியமே போயிருக்கிறது. பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி கணக்கில் காட்டாமல் மரம் வெட்டியதாகச் சொல்லி, மன்னர் தீபாவின் அரசு 1885-ல் பெரிய அபராதம் போட்டது. ஆங்கிலேயர்கள் அதையே சாக்காக வைத்துப் படையெடுத்தார்கள். மாண்டலே வீழ்ந்தது. தீபா ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே இறந்தார்.

பர்மாக் காட்டில் தேக்கு வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. பச்சை மரத்தை அப்படியே சாய்த்தால் கனம் அதிகம், தண்ணீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்துக் காயும். இரண்டு மூன்று வருஷம் கழித்து வெட்டி, யானை கட்டி இழுத்து ஓடையில் தள்ளுவார்கள். மழை வெள்ளம் வந்தால்தான் கட்டை நகரும். ஐராவதிக்கு வந்ததும் தெப்பமாகக் கட்டி ரங்கூன் மில்லுக்கு மிதக்க விடுவார்கள். காட்டில் குறித்த மரம் ஊருக்கு வந்துசேரப் பல வருஷம் ஆகும். இவ்வளவு நிதானமாகக் காய்ந்ததாலேயே அந்தக் கட்டை பின்னால் வளைவதும் பிளப்பதும் குறைவு.

ஊருக்குத் திரும்பும் செட்டியார் வீடு கட்ட நினைத்தால் மரம் எங்கிருந்து வரும்? தொழில் நடக்கும் நாட்டிலிருந்தே வந்தது. இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, பர்மா தேக்கு என்று கப்பல் ஏறி வந்தவை, மழையே சரியாகப் பெய்யாத செட்டிநாட்டுப் பொட்டலில் மாளிகைகளாக எழுந்தன. கானாடுகாத்தானில் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனை அவற்றில் பெயர்பெற்றது. 1912-ல் கட்டி முடித்ததாகச் சொல்கிறார்கள். முகப்பு, வளவு, பட்டாலை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும் வீடு அது. வாசல் நிலையில் நின்று பார்த்தால் பார்வை நேராக உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

தேக்கில் அப்படி என்ன இருக்கிறது?

தேக்கைவிடக் கனமான மரம் உண்டு, கடினமான மரமும் உண்டு. வேங்கை, மருது, கருங்காலி எல்லாம் வலுவில் சளைத்தவை இல்லை. தேக்கின் பெருமை வேறு: ஒரே மரத்தில் பல நல்ல குணம் சேர்ந்து இருக்கிறது.

முதலில், அதன் வைரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருக்கிறது. கரையானுக்கும் பூஞ்சைக்கும் ஆகாத சில வேதிப்பொருள்களும் அதில் உண்டு. டெக்டோகுயினோன் அதில் ஒன்று. மருந்து அடிக்காமலே தேக்கு தப்பிப்பது இதனால்தான். ஆனால் இது வைரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். மரத்தின் வெளிப்பக்கம் வெளுப்பாக இருக்கும் பகுதியை ஆசாரிகள் வெள்ளை என்பார்கள். அந்த வெள்ளை தேக்கே ஆனாலும் கரையான் அரிக்கும்.

இரண்டாவது, ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் தேக்கு அதிகம் உப்பாது, சுருங்காது. மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொண்டு இழுத்துத் திறக்க வேண்டிய பாடு குறைவு.

மூன்றாவது, அது இரும்பை அரிக்காது. ஓக் போன்ற மரத்தில் உள்ள அமிலம் ஆணியைத் தின்றுவிடும். தேக்கில் அறைந்த ஆணி அப்படி துருப்பிடிக்காது. கப்பல் கட்டுபவர்கள் தேக்கைத் தேடி ஓடியதற்கு இதுவே பெரிய காரணம். 1817-ல் பம்பாயில் தேக்கில் கட்டிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது.

நான்காவது, எடை. காய்ந்த தேக்கு ஒரு கன மீட்டருக்கு சுமார் 650 கிலோ. வலுவுக்குத் தகுந்த கனம், தூக்கிப் பொருத்தலாம். உளிக்கும் நன்றாக இடம் கொடுக்கும். ஒரே குறை, மரத்துக்குள் மணல் சத்தான சிலிக்கா இருப்பதால் உளியும் ரம்பமும் சீக்கிரம் மழுங்கும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் தேக்கு சரிவராது. கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டியைக் கேட்டால் பலாவின் பெருமையைச் சொல்லும். தஞ்சாவூரில் வீணை செய்பவர்கள் பண்ருட்டிப் பலா மரத்தைத்தான் தேடி வாங்குவார்கள். நாதம் வேண்டுமென்றால் பலா, நிலை வேண்டுமென்றால் தேக்கு. எந்த மரத்தை எதற்கு என்று அறிந்து போடுவதில்தான் விஷயம் இருக்கிறது. பணமும் அப்படித்தான்.

சிதம்பரத்தில் ஏன் கல்லூரி?

1910-களின் கடைசியில் அண்ணாமலைச் செட்டியார் சென்னை மாகாணத்தின் பெரிய பணக்காரர்களில் ஒருவர். அடுத்து டெல்லியில் கவுன்சில் ஆஃப் ஸ்டேட் உறுப்பினராகவும் ஆனார். 1923-ல் சர் பட்டம் வந்தது. ஆங்கிலேய அரசோடு ஒத்துப்போனவர், காங்கிரஸ்காரர் இல்லை. அதற்காக அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு.

பணக்காரச் செட்டியார் தர்மம் செய்வது புதிதில்லை. ஆனால் பெரும்பாலும் அது கோயில் திருப்பணி, சத்திரம், வேத பாடசாலை என்று போகும். சிதம்பரம் நடராஜர் மேல் நகரத்தாருக்கு உள்ள பக்தி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்ணாமலை அந்த ஊரிலேயே 1920-ல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 38.

சிதம்பரம் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத் தலைநகர் கடலூர். ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்த பழைய துறைமுக ஊர். ஆனால் சென்னைக்கும் திருச்சிக்கும் இடையில் உள்ள இந்த நெல் வயல் நாட்டில் பெரிய படிப்புக்கு வழி குறைவு. விவசாயி வீட்டுப் பையன் பி.ஏ. படிக்க வேண்டுமென்றால் ஊரைவிட்டுத் தொலைதூரம் போக வேண்டும். அந்தக் குறையைத்தான் கல்லூரி தீர்த்தது.

அதோடு நிற்கவில்லை. தமிழுக்கு ஒரு கல்லூரி, வடமொழிக்கு ஒரு கல்லூரி, இசைக்கு ஒரு கல்லூரி என்று பக்கத்திலேயே கிளை விட்டது. தமிழ்க் கல்லூரிக்கு 1924-ல் முதல்வராக வந்தவர் உ.வே.சாமிநாதையர். ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடி அச்சேற்றிய அவர், வயதான காலத்தில் சிதம்பரத்துக்கு வந்து மூன்று வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

பிறகு இந்தக் கல்லூரிகளை ஒன்றாக்கிப் பல்கலைக்கழகமாக்கும் யோசனை வந்தது. அண்ணாமலைச் செட்டியார் தன் கல்லூரிகளையும், அவற்றோடு 20 லட்சம் ரூபாயையும் கொடுக்க முன்வந்தார். அரசும் நிதி கொடுத்தது. 1928-ல் சட்டம் நிறைவேறி, 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதே வருஷம் செட்டிநாட்டு ராஜா என்ற பரம்பரைப் பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

இது மற்ற பல்கலைக்கழகங்கள் மாதிரி ஊர் ஊராகக் கல்லூரிகளை இணைத்துக்கொண்டு பரீட்சை மட்டும் நடத்தும் அமைப்பு இல்லை. ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். தமிழ்ப் பேராசிரியராக 1931-ல் இலங்கை மட்டக்களப்பைச் சேர்ந்த சுவாமி விபுலானந்தர் வந்தார். அவருக்குப் பின் நாவலர் சோமசுந்தர பாரதியார். 1935 முதல் 1940 வரை சீனிவாச சாஸ்திரி துணைவேந்தர்.

பாட்டு எந்த மொழியில்?

1940-களின் தொடக்கத்தில் அண்ணாமலைச் செட்டியார் கை வைத்த இன்னொரு விஷயம் தமிழிசை. அன்றைக்குக் கச்சேரி என்றால் தெலுங்கும் வடமொழியும்தான் மேடையை ஆளும். தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வரும். தமிழ்நாட்டில் தமிழில் பாடினால் என்ன என்பதுதான் அவர் கேள்வி. 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு நடந்தது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது. ஆர்.கே.சண்முகம் செட்டியார், ராஜாஜி, கல்கி, டி.கே.சி. எனப் பலர் ஆதரித்தார்கள். இசைக்கு மொழி முக்கியமில்லை, பெரியவர்கள் கீர்த்தனைகளை ஒதுக்கக் கூடாது என்று எதிர்த்தவர்களும் கணிசம். பத்திரிகைகளில் பல மாதம் இந்தச் சண்டை ஓடியது.

ஆங்கிலேயர் கொடுத்த சர் பட்டத்தோடு இருந்த ஒருவர், தமிழுக்காக இப்படி மல்லுக்கு நின்றது அன்றைக்குப் பலருக்கு ஆச்சரியம். அவர் கட்டிய வளாகத்திலேயே அவர் அரசியலுக்கு நேர் எதிரான அரசியலும் வளர்ந்தது. நெடுஞ்செழியன், அன்பழகன், மதியழகன் என்று பின்னாளில் திராவிட இயக்கத்தின் தூண்களான பலர் 1940-களில் அங்கே படித்த மாணவர்கள்தான்.

எல்லாம் போனது எப்போது?

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்து ரங்கூன் மேல் குண்டு போட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. சுமார் 5 லட்சம் இந்தியர்கள் ஓடி வந்தார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில். கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும், மணிப்பூர், அசாம் காட்டு வழியாகவும் நடந்தே வந்தார்கள். வழியில் பசியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். செட்டியார் கடைகளின் மேலாட்களும், ஊரிலிருந்து கூலி வேலைக்குப் போன ஏழைத் தமிழர்களும் ஒரே பாதையில்தான் நடந்தார்கள். கையில் பத்திரமும் பேரேடும் இருந்தன, ஆனால் நிலம் அங்கேயே நின்றுவிட்டது.

போர் முடிந்தும் பழைய நிலை திரும்பவில்லை. 1948 ஜனவரி 4-ல் பர்மா சுதந்திரம் அடைந்தது. அந்த வருஷம் ஜூன் 15-ம் தேதி அண்ணாமலைச் செட்டியார் காலமானார். வயது 66. நான்கு மாதம் கழித்து, அக்டோபரில், பர்மா அரசு நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த செட்டியார் நிலம் அத்தோடு கைவிட்டுப் போயிற்று. 1960-களில் நெவின் ஆட்சியில் மிச்சம் இருந்த கடைகளும் பறிபோய், லட்சக்கணக்கான இந்தியர்கள் அகதிகளாகத் திரும்பினார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பர்மா காலனி என்று இருப்பது அந்த வரலாற்றின் அடையாளம்தான்.

அண்ணாமலைச் செட்டியார் குடும்பம் இந்த அடியிலும் நின்றது. தொழிலை இந்தியாவுக்குத் திருப்பியது. மூத்த மகன் முத்தையா செட்டியார் 1933-ல் சென்னை மாநகராட்சியின் மேயராக இருந்தவர். இன்னொரு மகன் எம்.ஏ.சிதம்பரத்தின் பெயரில்தான் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. மனைவி சீதை ஆச்சியின் பெயரில் அண்ணாமலை நகரில் ஒரு பள்ளி உண்டு.

வீடுகள் என்ன ஆயின?

செட்டிநாட்டில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இந்தப் பெரிய வீடுகள் இருக்கின்றன. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்ந்தது. ஆனால் பர்மாப் பணம் நின்ற பிறகு எல்லாராலும் வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்றக்கூட எல்லாரும் சம்மதிக்க வேண்டும். கல்யாணம், படைப்பு என்றால் மட்டும் வீடு திறக்கும். கடைசியில் பேசி முடித்துப் பிரித்து விற்றுவிடுகிறார்கள்.

விற்கும்போது சுவருக்கு விலை இல்லை. மரத்துக்குத்தான் விலை. தூண், உத்திரம், நிலை எல்லாம் கன அடிக் கணக்கில் போகும். இங்கே தேக்கின் நல்ல குணமே வீட்டுக்கு எமனாகிறது. அது உளுத்துப் போகும் மரமாக இருந்திருந்தால் வீட்டை யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். நூறு வருஷம் கழித்தும் அப்படியே இருப்பதால்தான் பெயர்த்து எடுக்கிறார்கள்.

மியான்மர் 2014 ஏப்ரல் முதல் தேக்கை உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மேல் தடை போட்டன. அதனால் பழைய வீட்டு பர்மா தேக்குக்குக் கிராக்கி இன்னும் ஏறியது. மரவாடியில் பர்மா தேக்கு என்று சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். இப்போது இந்தியாவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் தோட்டத் தேக்கு நிறைய வருகிறது. எந்த ஊர் மரம் என்பதைவிட எத்தனை வயது மரம், அதில் வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு, நன்றாகக் காய்ந்ததா என்று பார்ப்பதுதான் முக்கியம். முற்றாத மரத்தில் வெள்ளைதான் அதிகம் இருக்கும்.

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் வாய்க்கால் மேட்டிலும் வரப்பிலும் தேக்கு வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இதே பாடம்தான். தேக்குக்கு ஆழமான வண்டல் பிடிக்கும், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. அதனால்தான் டெல்டாவில் அது வயலில் அல்ல, மேட்டில் நன்றாக வருகிறது. நட்ட சில வருஷத்தில் லட்சாதிபதி ஆகலாம் என்று 1990-களில் தேக்குத் திட்டங்கள் பணம் வசூலித்ததும், போட்டவர்கள் ஏமாந்ததும் பலருக்கு நினைவிருக்கும். தேக்கு அவசரக்காரர்களுக்கான மரம் இல்லை. நட்டவர் ஒருவர், வெட்டுபவர் அவர் பேரனாக இருக்கலாம்.

பல்கலைக்கழகம் என்ன ஆயிற்று?

அதற்கும் சோதனை வராமல் இல்லை. 1945-ல் பொறியியல் கல்லூரி வந்தது. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையம் வந்தது. 1979-ல் தொடங்கிய தொலைதூரக் கல்வி மூலம் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கியவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். 1980-களில் மருத்துவக் கல்லூரியும் வந்தது. நிறுவனர் குடும்பத்துக்கு இணைவேந்தர் பதவி பரம்பரை உரிமையாக இருந்தது.

2012 கடைசியில் நிதி நெருக்கடி முற்றியது. ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013-ல் தமிழக அரசு புதுச் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்டது. குடும்ப உரிமை முடிந்தது. கட்டணத்தைக் குறைக்கக் கோரி மாணவர்கள் போராடிய பிறகு, அந்த மருத்துவக் கல்லூரி 2021-ல் அரசு கடலூர் மாவட்ட மருத்துவக் கல்லூரி ஆனது.

ஆக, அண்ணாமலைச் செட்டியார் கட்டிய இரண்டில் ஒன்று இன்றும் குடும்பச் சொத்து, மற்றொன்று பொதுச் சொத்து. குடும்பச் சொத்தாக இருந்த எத்தனையோ செட்டிநாட்டு வீடுகள் பங்கு பிரிந்து, பலகை பலகையாகக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டன. பல்கலைக்கழகத்தை அப்படிப் பிரித்து விற்க முடியாது. நடத்துபவர் மாறலாம், கடன் வரலாம், சட்டம் மாறலாம். படிக்க வருகிறவர்கள் இருக்கும்வரை அது நிற்கும்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது. ஐராவதி டெல்டாவில் கடன் வாங்கி உழுத விவசாயியின் வட்டியும் அதில் உண்டு. அவன் பேரன் பேத்திகளுக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை. கொள்ளிட டெல்டாவில் உழுத விவசாயியின் பேரன் பேத்திகளுக்குப் பட்டம் கிடைத்தது. இதை மறைக்காமல் சொல்வதால் அவர் செய்தது சிறிதாகிவிடாது. அப்பா, அம்மா யாரும் பள்ளிக்கூடம் போகாத வீட்டிலிருந்து இன்றைக்குக் காலையிலும் ஒரு பெண் சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே நடந்திருப்பாள். அவளுக்கு மொகல் தெருவும் தெரியாது, பர்மா தேக்கும் தெரியாது. அவளுக்கு நேரத்துக்கு வகுப்புக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.